தம்பி கண்ணுக்கு நந்தியாவட்டை

நண்பகலில் மல்லிக்குத் தண்ணீர் விடக் கூடாது, போலீஸ் கொமிசேர் ஐயா. என் வீட்டுக்குக் காவலாக நீங்கள் நிறுத்தியிருக்கும் சிப்பாய் நல்ல எண்ணத்தில்தான் விடுகிறார். வாடிக் கிடப்பதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லையாம். பூக்காரி வீராயி வந்து சொன்னாள். ஆனால் உச்சி வெயிலில் ஊற்றினால் மண் சூடேறி வேர் வெந்துபோகும். மதிலின் நிழல் கிணற்றடிக்கு வந்த பிறகு ஊற்றினால் போதும். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றை நீங்கள் கேட்டபடி சொல்கிறேன். நேற்று உங்கள் எழுத்தர் எனக்காக ஒரு கைக்குட்டையை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். அன்பான மனிதர். எனக்கு அது தேவைப்படவில்லை. இன்றும் தேவைப்படாது.

என் பெயர் மதலேனம்மாள். வயது நாற்பத்திரண்டு. அம்மா விஷக்காய்ச்சலில் இறந்தபோது எனக்குப் பதினாறு. தம்பி தனிஸ்லாஸ் தவழ்ந்துகொண்டிருந்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அப்பா என் முகத்தைப் பார்த்து, "புள்ளைய யாரும்மா பாத்துப்பாங்க?" என்று கேட்பார். பதிலையும் சேர்த்தே கேட்பார். அப்பா போன பிறகு யாரும் கேட்டு வரவில்லை. கன்னியர் மடத்தில் கற்ற லேஸ் பின்னல் எனக்குச் சோறு போட்டது. தம்பி படித்தான்.

எங்கள் தெருவில் வீட்டுக் கொல்லையைத் துணி துவைக்கவும் கோழி அடைக்கவும்தான் வைத்திருப்பார்கள். நான் தோட்டம் போட்டேன். கடல் பக்கத்தில் இருப்பதால் மண் வெறும் உப்பு மணல். கோரிமேட்டிலிருந்து செம்மண் வரவழைத்து, மட்கிய சாணமும் வேப்ப இலையும் கலந்து, பாத்தி பாத்தியாக நிரப்பினேன். மல்லி, எலுமிச்சை, நந்தியாவட்டை, ஒரு மாதுளை. வெள்ளைக்கார அம்மா ஒருத்தி லேஸ் வாங்க வந்தபோது கொடுத்த குச்சியிலிருந்து ரோஜா. பின்பக்க மதில் ஒரு புயலில் விழுந்துவிட்டது. மறுபடி கட்டாமல் அந்த இடத்தில் திருகுக்கள்ளியை வேலியாக வைத்தேன். ஆடு மாடு அதில் வாய் வைக்காது. ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். அது கண்ணுக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். தம்பியைச் சிறு வயதிலிருந்தே அந்தப் பக்கம் நான் விட்டதில்லை.

தோட்டம் போடுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் இல்லாவிட்டால் இது இல்லை என்ற ஒரு நிச்சயம் இருக்கிறது. அது இருந்தால் யார் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள்.

தனிஸ்லாசுக்கு அந்த நிச்சயம் கிடையாது. எலுமிச்சையில் புழு விழுந்தால் நான் நசுக்கிப் போடுவேன். அவன் இலையோடு கிள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் போடுவான். "அதுவும் பொழைச்சிப் போவட்டும்க்கா" என்பான். அடுத்த வீட்டு எலுமிச்சை என்ன பாவம் செய்தது என்று அவன் யோசித்ததில்லை. நல்லவன்தான். ஆனால் எதுவும் எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவன்.

சென்ற ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், பாஸ்குத் திருநாள் முடிந்த வாரம் அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே தோட்டத்துக்கு வந்தான்.

"அக்கா, சைகோன்ல வேல கெடச்சிடுச்சு. சுங்க ஆபீஸ்ல. அடுத்த கப்பல்லயே வரச் சொல்லிட்டாங்க."

"நல்லதுடா" என்றேன்.

"நீ அழுவன்னு நெனச்சேன்."

"எதுக்கு அழணும்? எல்லாரும்தான் போறாங்க."

பொய்யில்லை. சைகோனில் ஓர் ஆளாவது இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

"ஒரு வருஷம் போவட்டும், வந்து கல்யாணம் முடிச்சி ரோசாவக் கூட்டிக்கிறேன். நீயும் வந்துடுக்கா."

"தோட்டத்த யாரு பாக்கறது?"

அவன் சிரித்தான். "தோட்டம் இன்னா, நீ பெத்த புள்ளயா?" என்றான்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை ரோஜாவைக் கவாத்து செய்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

ரோசா என்பது அவனுக்கு நிச்சயித்திருந்த பெண். சவரிராயன் மகள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். நீங்கள் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் பேசும்போது வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. தையல்காரப் பழக்கம் என்று நினைத்தேன்.

அந்தச் சித்திரையில் ஊர் முழுக்கக் கண்வலி. உங்களுக்கும் வந்திருக்கும். தனிஸ்லாசுக்குக் கப்பலுக்கு முன்னால் வந்தது. கண் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டது. மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். நான் அதோடு நந்தியாவட்டைப் பூவைப் பனித்தண்ணீரில் ஊறவைத்து மூடிய கண்மேல் வைத்தேன். அம்மா எனக்குச் செய்த வைத்தியம். சில நாளில் நன்றாகத் தேறிவிட்டான். எழுந்து உட்கார்ந்து பெட்டி அடுக்கத் தொடங்கினான்.

அன்று காலை நான் கள்ளி வேலியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். அவன் உள்ளிருந்து, "அக்கா, பூ வைக்கறியா? லேசா உறுத்துது" என்று கூப்பிட்டான். போய் வைத்தேன். என் விரலில் பால் ஒட்டியிருந்திருக்கிறது. அவன் போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். நோய் திரும்பி முற்றிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். கை தவறு என்று சொன்னால் அவன் மனம் வருந்துவான்.

கப்பல் வந்து போயிற்று. காற்று எங்கள் பக்கம் அடித்தபோது, கடல் பாலத்தில் பெட்டிகளைப் படகில் இறக்கும் கூச்சல் கேட்டது. அவன் கண்ணில் கட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் பின்னுவேன். அவன் தோட்டத்தைப் பற்றிக் கேட்பான். அதுவரை கேட்டதே இல்லை. எலுமிச்சைக் கிளையில் ஒரு தேன்சிட்டு சிலந்தி நூலையும் சருகையும் சேர்த்துப் பை மாதிரி ஒரு கூடு தொங்கவிட்டிருந்தது. தினமும் அதன் கதையைச் சொல்வேன். பெட்டை உள்ளே உட்கார்ந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் வெயிலில் நீலமாக மின்னும்.

"குஞ்சு பொரிச்சிடுச்சாக்கா?"

"ரெண்டு. வாயத் தொறந்தா உள்ள ஆரஞ்சு நெறமா இருக்கு."

"பறக்குமா?"

"இன்னும் இல்ல."

அவை பறந்துபோன பிறகும் நான் இன்னும் இல்லை என்றேதான் சொன்னேன். வெறும் கூடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அறையில் உட்கார்ந்து, இன்று ஒரு குஞ்சு மற்றதை மிதித்தது, இன்று தாய் புழு கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துக் கேட்டான். ஒரு நாள் என் கையைப் பிடித்து, "நீ இல்லன்னா நான் இன்னாக்கா ஆவேன்" என்றான். ஐயா, யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

கண் ஆறத் தொடங்கியது. வயதுப் பிள்ளை, உடம்பு தானாகவே ஆற்றிக்கொள்கிறது. மருத்துவர் அடுத்த கப்பலுக்கு அனுப்பலாம் என்றார். ரோசா தினமும் பள்ளிக்கூடம் முடிந்ததும் வரத் தொடங்கினாள்.

"அக்கா, நீங்க களச்சிப் போயிட்டீங்க. மருந்த நான் போடறேன்."

மறுக்கக் காரணம் இல்லை. அவள் மருந்து போட்ட நாட்களில் அவன் கண் வேகமாகத் தெளிந்தது. ஜன்னல் துணியை ஓரம் விலக்கி அவள் முகத்தைப் பார்த்தான். அவர்கள் சைகோனைப் பற்றிப் பேசினார்கள். அங்கே ஆறு இருக்கிறதாம், வாசலிலேயே படகு வருமாம். தோட்டத்தைப் பற்றி அவன் கேட்பது நின்றுபோயிற்று.

ஒரு நாள் வேலியருகே போய் ஒரு கிளை நுனியை ஒடித்தேன். இந்த முறை கை தவறவில்லை. பன்னீரில் ஒரு பொட்டு கலந்தேன். நந்தியாவட்டை வாசனையும் பன்னீரும் சேர்ந்தால் வேறு எதுவும் தெரியாது. கப்பல் தவறும் அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம் என்றுதான் கணக்கு. ரோஜாவுக்கு உரம் போடுகிறவளுக்கு அளவு தெரியும்.

மருத்துவர் குழம்பிப்போனார். "கண்ணுல வேற என்னம்மா போடறீங்க?" என்று கேட்டார். கிண்ணத்தில் இருந்த நந்தியாவட்டையைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாட்டு வைத்தியம் பண்ணிக் கெடுத்துவிட்டீர்கள் என்று திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எது நடந்தாலும் எல்லாரும் பூவைத்தான் குற்றம் சொன்னார்கள்.

ரோசா மட்டும் பூவைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை வீராயி மொட்டு வாங்க வந்தாள். அவள் முதலியார்பேட்டைக்காரி; என் மல்லியைப் பெரிய மார்க்கெட்டில் கூறு வைத்து விற்கிறவள். வேலியைப் பார்த்து, "இன்னாம்மா, கள்ளிய யாரோ ஒடிச்சி ஒடிச்சி வச்சிருக்காங்க? ஆடுகூட இத மோந்து பாக்காதே" என்றாள்.

"காத்துல ஒடிஞ்சிருக்கும்" என்றேன்.

"நுனி மட்டுமா?"

ரோசா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். வீராயியைப் பார்க்கவில்லை, வேலியையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நான் மொட்டுகளைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். முடிச்சு ஒரே இழுப்பில் விழுந்தது.

மறுநாள் ரோசா வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். "இது தொத்து நோய்ம்மா. உனக்கும் வந்தா உங்க அப்பாருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றேன். அவள் போகவில்லை. தெருவில் வெயிலில் நின்றபடி, "தனிஸ்லாஸ், நான் வந்திருக்கேன்" என்று உரக்கச் சொன்னாள். அவன் உள்ளிருந்து பதில் சொன்னான். அதன்பின் தினமும் அப்படித்தான். அவள் வெளியே நின்று பேசுவாள், அவன் உள்ளே படுத்தபடி பேசுவான், நான் நடுவில் கதவருகே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். பின்னல் அடிக்கடி தப்பியது.

இடது கண் போய்விட்டது என்று மருத்துவர் ஆவணியில் சொன்னார். அப்போது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியும் விட்டேன். ஒரு கண்ணோடு யாரும் சைகோன் சுங்கத்தில் வேலை கொடுக்க மாட்டார்கள். அவன் இங்கேயே இருப்பான், எனக்குப் போதும் என்று இருந்தேன்.

ஆனால் வலது கண்ணில் பார்வை ஊறி வந்தது. நிழல் தெரிந்தது, பிறகு நிறம் தெரிந்தது. சவரிராயன் வந்து, சென்னைப் பட்டணத்தில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் இருக்கிறார், அடுத்த வாரம் தானே அழைத்துப் போவதாகச் சொன்னார். ஒரு கண் போதும், கல்யாணத்தை வைத்துவிடலாம், தன் மகளுக்குச் சம்மதம் என்றார். தனிஸ்லாஸ் படுக்கையிலிருந்து எழுந்து அவர் காலைத் தொடப் போனான்.

அவர் போன பிறகு நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த முறை பன்னீர் கலக்கவில்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எரியுது."

"எரிஞ்சாத்தான் ஆறும்."

"ரொம்ப எரியுதுக்கா."

"அருள் நெறஞ்ச மரியே சொல்லு. நானும் கூடச் சொல்றேன்."

இருவரும் சேர்ந்து சொன்னோம். பாதியில் அவனால் முடியவில்லை. நான் முடித்தேன்.

சென்னையில் கையை விரித்துவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் தோட்டம் நிறைந்துவிட்டது. அவனை நான் கையைப் பிடித்துப் பாத்தி பாத்தியாக அழைத்துப் போனேன். இலையைத் தடவி எலுமிச்சை எது, மாதுளை எது என்று சொல்லக் கற்றுக்கொண்டான். மல்லிக்கொடியில் மலரப்போகும் மொட்டையும் பிஞ்சு மொட்டையும் விரலாலேயே பிரித்துப் பறிப்பான். கண் இருந்த காலத்தில் அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. வீராயிகூட, "தம்பி பறிச்ச மொட்டுல ஒரு சொத்தை இல்லம்மா" என்றாள். கிணற்றடியில் கீரி குட்டிகளோடு வரும்போது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். "அக்கா, அசையாத. வந்திருக்கு" என்று கிசுகிசுப்பான். இருவரும் மூச்சை அடக்கி நிற்போம். ஐயா, அந்த மழைக்காலத்தில் அவன் சந்தோஷமாக இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரோசா அவனை விடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேரே வருவாள். தொத்து என்று இனிமேல் சொல்ல முடியாது அல்லவா. வந்து அவனோடு தோட்டத்தில் நடப்பாள்.

போன ஞாயிறும் வந்தாள். நான் ரோஜாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். அவன் அவள் கையை விட்டுவிட்டு, மதில் முடியும் இடம் வரை தடவிக்கொண்டே போனான். ரோசா தடுக்கவில்லை. அவள்தான் அந்தப் பக்கம் அழைத்து வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. வேலியில் ஒரு கிளையைப் பிடித்தான், ஒடித்தான். விரலில் வடிந்ததை மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே நின்றான்.

"இது இன்னா செடிக்கா?"

"கள்ளிடா. தொடாத. போய்க் கை கழுவு."

"பன்னீரு இல்லாம போட்ட அன்னிக்கி இந்த வாசனதான் வந்துச்சு."

 அவன் விரலைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். ரோசா என்னைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத தடவையுமாக்கா?" என்றான்.

 மண்வெட்டியைக் கீழே வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"ரோசா, போலாம்."

"தடிய எடுத்துக்கடா" என்றேன். அவன் எடுக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினான். அன்று சாயங்காலம் உங்கள் ஆட்கள் வந்தார்கள். நான் கை கால் கழுவிப் புடவை மாற்றிக் காத்திருந்தேன்.

அவன் கேட்டதற்கு உங்களிடம் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், முதல் தடவையும்தான். வேலியை ஒழுங்கு செய்வது மழைக்குப் பிறகு. சித்திரையில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். கை கழுவ வாளித் தண்ணீர் படியிலேயே இருந்தது. அவன் கூப்பிட்டபோது அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கல்யாணம் முடிந்து இருவரும் வருகிற கப்பலில் சைகோன் போகிறார்கள் என்று நீங்கள் காலையில் சொன்னீர்கள். ரோசாவின் மாமன் அங்கே இருக்கிறாராம். நான் இருக்கும் ஊரில் இருக்க முடியாது என்று அவன் சொன்னதாகவும் சொன்னீர்கள். போகட்டும். எனக்கு வருத்தமில்லை. ரோசாவுக்கு வயதாகும், முகம் மாறும், அது எப்படி மாறியது என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஆறும் படகும் அவனுக்கு வெறும் சத்தம். அவன் கண்ணால் கடைசியாகப் பார்த்தது குனிந்திருந்த என் முகத்தைத்தான், ஐயா. அவன் எந்த ஊருக்குப் போனாலும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வான். என் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்.